ஈரப் பிள்ளையைத் தூக்கும் கை

எங்கள் மருந்து சென்டரில் யாருக்கும் பெயர் கிடையாது. ரிஜிஸ்டரில் இருக்கும், நம்பரும் இருக்கும். ஆனால் பெஞ்சில் காத்திருக்கும் நாங்கள் ஒருவரையொருவர் தேதியைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். எச்.ஐ.வி. மாத்திரையை மாதத்துக்கு ஒரு தடவை தருவார்கள். எந்தத் தேதியில் வாங்குகிறோமோ அந்தத் தேதிக்காரர் நாம். நான் எட்டாம் தேதிக்காரி. வெளியே, தாராவி மெயின் ரோட்டிலோ குர்லா பிளாட்பாரத்திலோ எதிரே வந்தால் பார்க்காத மாதிரி போய்விட வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. இருபது வருஷமாக யாரும் மீறவும் இல்லை.

என் தேதியில் இன்னொருவரும் வருவார். மாட்டுங்காக்காரர், பாலக்காட்டு வழி, ஏதோ ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மாத்திரை பாட்டில் ரயிலில் குலுங்கிச் சத்தம் போடக் கூடாது என்று உள்ளே பஞ்சை அடைத்துக்கொண்டு போவார். அந்த வித்தையை எனக்கும் சொல்லித் தந்தவர் அவர்தான். நான் அவரை சார் என்பேன். அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நேராகப் பேச ஆரம்பித்துவிடுவார்.

போன வருஷம் மழை தொடங்கிய சமயம் ஒரு காலை நேரம், மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மேஜை போட்டிருந்தார்கள். தரையில் கொஞ்ச தூரம் விட்டு இரண்டு மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. மேஜை மேல் ஒரு இரும்புச் சாமான். கையால் அமுக்கினால் முள் நகரும். ஐம்பது வயது தாண்டியவர்கள் எல்லாரும் முதலில் இங்கே வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு மராத்திப் பெண், பிசியோதெரபி படித்தவள். நான் இந்தியில் பதில் சொன்னேன். தாராவி இந்திதான், ஆனால் சண்டைக்கும் சமாதானத்துக்கும் அது போதும்.

எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். என் ரிப்போர்ட் பிரமாதமாக இருந்தது. ரத்தத்தில் கிருமி தென்படவே இல்லை என்று போட்டிருந்தார்கள். அந்தத் தாளை நான் பைபிளுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "கிருமி அடங்கிடுச்சு ஆண்ட்டி. ஆனா இத்தனை வருஷம் இந்த நோயோட இருந்த உடம்பு வயசுக்கு முன்னாடியே தளர்ந்து போகும். அது ரத்தத்துல தெரியாது. அதனாலதான் ஐந்து விஷயம் பார்க்கிறோம். மூணுல தவறினா உடனே டாக்டர்கிட்ட அனுப்பணும்."

ஐந்தில் மூன்று. எனக்குப் பள்ளிக்கூடப் பரீட்சை ஞாபகம் வந்தது. அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், பாஸ் ஆகாமல் இந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. நான் பிள்ளை குளிப்பாட்டுகிறவள். பம்பாயில் மாலிஷ் பாயி என்பார்கள், எண்ணெய் தேய்க்கிறவள் என்று. பிரசவமான வீட்டுக்கு நாற்பது நாள் போய், தாய்க்கு எண்ணெய் தேய்த்து, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, புகை காட்டித் தூங்க வைத்துவிட்டு வருவது. மாட்டுங்கா, செம்பூர் பக்கம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வீடு சொல்லி மறுவீடு என்று எனக்கு வேலை ஓயாது. 'அவ கை பட்டா பிள்ளை அழாது' என்பார்கள். அது நிஜம். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தலைக்கனம் ஏறிப்போனதும் நிஜம்.

என் வீட்டுக்காரர் சாகும்போதுதான் அவருக்கு என்ன வியாதி என்று தெரிந்தது. அடுத்த மாதம் எனக்கும் அதே என்று சொன்னார்கள். அப்போது சென்டரில் இருந்த டாக்டரம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, நான் பிள்ளைகளைத் தொடலாமா என்பதுதான். தொட்டாலோ குளிப்பாட்டினாலோ முத்தமிட்டாலோ இது ஒட்டாது என்று அவர் எத்தனையோ விதமாகச் சொன்னார். அவர் சொன்னதை நம்பினேன். ஆனால் வீடுகள் நம்பாது என்று எனக்குத் தெரியும். அதனால் மறைத்தேன். ஞாயிறுதோறும் நகத்தை ஒட்ட வெட்டுவேன். விரலில் ஊசி முனையளவு கீறல் இருந்தாலும் அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லி லீவு போடுவேன். டாக்டர் கேட்டால் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

சரி, பரீட்சைக்கு வருகிறேன். முதல் கேள்வி, நீங்களாக முயற்சி பண்ணாமல் எடை குறைந்ததா? என் கார்டில் ஐந்து மாதமாக எடை இறங்கிக்கொண்டே வந்திருந்தது. நான் தயங்கவே இல்லை. "உபவாஸ்" என்றேன்.

எங்கள் சபையில் ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் நாற்பது நாளும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிடுவோம். அந்த வருஷமும் விட்டேன். ஈஸ்டர் முடிந்து எல்லாரும் பிரியாணி சாப்பிட்டபோது எனக்கு நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சரி, இன்னும் கொஞ்ச நாள் தனி உபவாசம் இருப்போம் என்று நினைத்துக்கொண்டேன். சபைப் பெண்கள் ஐக்கியத்தில் எல்லாரும் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். ஒருத்தி, "எக்காவப் பாருங்கட்டி, ஜெபத்துலயே உருகிட்டாவ" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிளவுஸை இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். பசிக்காத வயிற்றுக்கு உபவாசம் என்று பெயர் வைத்தால் அதைப் போல வசதி வேறு இல்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், எனக்கே பதில் சொல்ல வேண்டாம்.

அந்தப் பெண் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

இரண்டாவது கேள்வி. போன வாரத்தில் எத்தனை நாள், எதைச் செய்தாலும் முடியாமல் முடியாமல் செய்த மாதிரி இருந்தது? உண்மையைச் சொன்னால் ஏழு நாளும். ஆனால் எங்கள் ஆட்களிடம் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டுப் பாருங்கள். ஜன்னி கண்டு கிடந்தாலும் 'ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்' என்றுதான் வரும். முடியவில்லை என்று சொன்னால் கர்த்தரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். இது சின்ன வயதிலேயே நாக்கில் ஒட்டிக்கொண்டது, மூளை வரைக்கும் போவதில்லை. ஒரு நாளும் இல்லை என்றேன். அதற்கும் டிக்.

மூன்றாவது, நடமாட்டம், வேலை. "என்ன வேலை செய்றீங்க ஆண்ட்டி?"

"வீட்டு வேலை" என்றேன். அது பொய்யில்லை. எந்த வீட்டில், என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை.

இனிமேல் வாயால் சமாளிக்க முடியாது. மஞ்சள் டேப்பிலிருந்து மஞ்சள் டேப் வரைக்கும் நடக்கச் சொல்லி மொபைலில் நேரம் பார்த்தாள். வேகமாக நடப்பதாகத்தான் நினைத்தேன். மழையில் சேலை நனைந்து காலில் சுற்றிக்கொள்கிறது என்றேன். சரி, இன்னொரு தடவை நடங்க என்றாள். இரண்டாவது தடவை இன்னும் அதிக நேரம் ஆனது.

கடைசியில் அந்த இரும்புச் சாமான். வலது கையில் பிடித்து, முடிந்த மட்டும் அமுக்க வேண்டும். எனக்குச் சிரிப்பாக இருந்தது. கையா? என்னிடமா? பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. "ஆண்ட்டி, ஜோர் ஸே" என்றாள், இன்னும் பலமாக என்று. இன்னும் இரண்டு தடவை. முள் அதே இடத்தில்தான் நின்றது, மூன்றாவதில் அதற்கும் கீழே.

"உன் மெஷின் கெட்டுப்போச்சு" என்றேன்.

அவள் கோபப்படாமல் அதை வாங்கித் தன் கையால் அமுக்கிக் காட்டினாள். குச்சி மாதிரி கை அவளுக்கு. முள் நான் நிறுத்திய இடத்தைத் தாண்டி அது பாட்டுக்குப் போனது. எனக்குக் காது சூடாகிவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் தாளில் கூட்டினாள். "ஐந்தில் ரெண்டு. மூணா இருந்தா இன்னிக்கே டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன். ரெண்டுதான், அதனால பதினைந்து நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் கனமா எதையும் தூக்க வேண்டாம். நல்லா சாப்பிடுங்க."

பாஸ். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். பதினைந்து நாள் கழித்து யார் வரப் போகிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாட்டுங்கா சார் பெஞ்சில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். அவருக்குக் காது கூர்மை. நான் உட்கார்ந்ததும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஈஸ்டர் கேக் எனக்குக் கொண்டுவந்து குடுத்தேளே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அதாச்சு ரெண்டு மாசம். இப்ப என்ன உபவாசம்?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "சார், உங்க சோலியப் பாருங்க. எங்க சபை வழக்கம் உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் விடவில்லை. அதற்கு முந்தின வருஷம் வேறு ஒரு ஆஸ்பத்திரியில் இதே பரிசோதனைக்கு அவரை உட்கார வைத்தார்களாம். எல்லாம் பேஷாக இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தாராம். அதற்கு அடுத்த வாரம் பாத்ரூமில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தவரைப் பக்கத்து ஃபிளாட்காரர்கள் கதவை உடைத்துத் தூக்கினார்களாம். இடுப்பு எலும்பு தப்பியது அதிர்ஷ்டம் என்றார். நான் உச்சுக்கொட்டினேன். மனதில் ஏறவில்லை. பிறகுதான் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அதிகம் இருக்காது.

"நான் விழுந்தா நான் மட்டும்தான் விழறேன். நீங்க அப்படியா?"

என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு சமயம் அவரிடம் சொல்லித் தொலைத்திருந்தேன். எழுந்து ஜன்னலுக்குப் போய் மாத்திரையை வாங்கி, பஞ்சைத் திணித்துக்கொண்டு, அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன்.

கோபம் தாராவி வந்து சேரும்வரை தாங்கியது. அதற்குப் பிறகு பயம் வந்தது. ஏனென்றால் எனக்குச் சில விஷயங்கள் தெரியும். அப்போது நான் போய்க்கொண்டிருந்த செம்பூர் வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டில் மூடி ஒரு வாரமாக எனக்குத் திறக்கவில்லை. கையெல்லாம் எண்ணெய் என்று சாக்குச் சொல்லி பிள்ளை பெற்ற பெண்ணைத்தான் திறக்க வைத்தேன். முந்தின வியாழக்கிழமை தண்ணீர் மொள்ளும் மக் கையிலிருந்து தானாக விழுந்தது. வழுக்கிவிட்டது என்றேன். மக் வழுக்கவில்லை. விரல் விட்டுவிட்டது.

அந்தச் செம்பூர்ப் பிள்ளைக்கு அப்போது இருபத்திரண்டு நாள். ஆண். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி.

சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாலு கிலோ அரிசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டினேன். பைமேல் எண்ணெய் தடவித் தண்ணீர் தெளித்தேன். தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, பையைக் காலில் போட்டு, பிள்ளையைத் தூக்குகிற மாதிரியே தூக்கினேன். வலது கை கழுத்துக்கும் தோளுக்கும் அடியில், இடது கை இரண்டு கணுக்காலையும் சேர்த்து, நடுவில் ஒரு விரல். அரிசிக்குக் கழுத்து ஏது, கணுக்கால் ஏது. இருந்தாலும் என் கைக்கு அந்த இடம் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு தடவை ஒழுங்காகத் தூக்கினேன். ஏழாவது தடவை பை நழுவித் தரையில் விழுந்து, முடிச்சு அவிழ்ந்து, அரிசி அறை முழுக்கச் சிதறியது.

மண்டியிட்டு அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டே எனக்கு நானே நியாயம் பேசினேன். பிள்ளையை ஏழு தடவையா தூக்கப் போகிறேன்? ஒரு தடவைதானே. நாற்பது நாள் ஆக இன்னும் பதினெட்டு நாள்தான். அதை முடித்துவிட்டு இரண்டு மாதம் ஓய்வு எடுப்போம். பாதியில் விட்டால் ஏன் என்று கேட்பார்கள். என்னவென்று சொல்வது? இப்படியெல்லாம் கணக்காகப் பேசுகிற வாய் எனக்கு. எனக்கு எதிராக நானே வாதாடினாலும் ஜெயிப்பேன்.

மறுநாள் காலை செம்பூருக்குப் போனேன்.

அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை. மாமியார் கோயம்புத்தூரில் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார். புருஷன் ஐரோலியில் ஐ.டி. கம்பெனி வேலை, எட்டு மணிக்கே கிளம்பிவிடுவான். அதனால் அவள் என்னைத்தான் நம்பியிருந்தாள். முதல் நாள் என் கையில் பிள்ளையைக் கொடுக்கும்போது அவள் தன் கையை விலக்கவே இல்லை, அது ஞாபகம் இருக்கிறது. இப்போது அந்தப் பயம் இல்லை. பிள்ளையைக் கொண்டுவந்து என் காலில் போட்டுவிட்டு, டவலைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்ரூம் வாசலில் நின்று மொபைலைப் பார்ப்பாள். அவ்வளவு நம்பிக்கை.

பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். எண்ணெய் தேய்த்தேன். பிள்ளை காலை உதைத்துக்கொண்டு மேலே பல்பைப் பார்த்தது. பயத்தமாவு போட்டுத் தேய்த்து, குப்புறப் போட்டு முதுகுக்கு வெந்நீர் ஊற்றினேன். மக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நிமிர்த்திப் போட்டு நெஞ்சுக்கு ஊற்றினேன். எல்லாம் சரியாக நடந்தது. இனித் தூக்கி டவலில் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி. ஒரு தடவைதானே, ஒரு தடவைதானே என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வலது கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்தேன். இடது கையால் கணுக்காலைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்துக் காலிங் பெல் அடித்தது. அந்தப் பெண், "ஒரு நிமிஷம் ஆண்ட்டி, பால்காரன்" என்று திரும்பினாள். நான் ஏற்கெனவே தூக்கிவிட்டேன். என் முட்டிக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பிள்ளை இருந்தது. வலது கை விரல்கள் என்னைக் கேட்காமலே விரிந்தன.

வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. சும்மா, விட்டுவிட்டன.

தலை பின்பக்கமாகச் சரிந்தது. இடது கையில் கால் மட்டும் இருந்தது. நான் தொடை இரண்டையும் சேர்த்து நெருக்கி, உடம்பை முன்னால் சாய்த்துவிட்டேன். எப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை என் மடியில், நனைந்த சேலைக்குள் விழுந்தது. பலகையின் ஓரத்துக்கும் அதன் தலைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அந்த நாலு விரலை இன்றைக்கும் என்னால் காட்ட முடியும்.

ஒரு நொடி அது மூச்சு விடவில்லை. பிறகு வீடு அதிர அழுதது.

நான் அதன் தலையை, கழுத்தை, தோளை, முதுகைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கண் என்னைப் பார்த்தது. கையும் காலும் உதைத்தது. கர்த்தரே, கர்த்தரே என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அதற்குமேல் ஜெபம் பண்ணத் தெரியவில்லை.

அவள் பால் பாக்கெட்டோடு ஓடி வந்தாள். "என்ன ஆச்சு ஆண்ட்டி? ஏன் இப்படி அழறான்?"

அவள் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. கண்ணில் மாவு பட்டுவிட்டது என்று சொன்னால் போதும். அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் டவலை விரித்துக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் மறுபடியும் தூக்கிக் கொடுக்க வேண்டும். என் வலது கையைப் பார்த்தேன். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"நீ குனிஞ்சு எடுத்துக்கம்மா" என்றேன்.

"என்ன?"

"என் கை விட்டுட்டுதும்மா. பிள்ள என் மடியில விழுந்துட்டான். அடி ஒண்ணும் படல, நான் தடவிப் பாத்துட்டேன். இருந்தாலும் நீ இப்பமே டாக்டர்ட்ட காட்டிரு. இனி நான் தூக்க மாட்டேன். நீ எடுத்துக்கோ."

அவள் முகம் வெளுத்துப்போனது. பால் பாக்கெட்டைக் கீழே போட்டாள். குனிந்து பிள்ளையை வாரி எடுத்து, நெஞ்சோடு அணைத்து, டவலில் சுற்றி, தலையைத் தடவிக்கொண்டே பின்னால் நகர்ந்து சுவரில் முட்டி நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையின் அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவள் கேட்டாள்.

"உங்களுக்கு என்ன உடம்புக்கு ஆண்ட்டி? ஏதாவது... ஒட்டற வியாதியா?"

இருபது வருஷமாக ஒவ்வொரு வாசலிலும் நான் பயந்து செத்த கேள்வி அது. ஒருநாள் யாராவது கேட்பார்கள், அன்றைக்கு என் கதை முடிந்தது என்று நினைத்திருந்தேன். எந்த வியாதியால் ஒரு பிள்ளைக்கும் எந்தக் கெடுதலும் வராதோ அதை அத்தனை கவனமாக மறைத்தேன். நகம் வெட்டினேன், கீறலுக்கு லீவு போட்டேன். நிஜமாகவே ஒரு பிள்ளையைக் கொல்லக்கூடிய ஒன்று என் கையில் வந்து உட்கார்ந்தபோது அதற்கு உபவாசம் என்று பெயர் வைத்து, ஸ்தோத்திரம் சொல்லி, டிக் வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"ஒட்டாதும்மா" என்றேன். "நிச்சயமா ஒட்டாது. உடம்பு தளந்துபோச்சு. கையில பலமில்ல. நேத்தே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வந்தேன், அதான் தப்பு."

நான் வாளியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தேன். வாளி சாய்ந்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன், டைல்ஸ் எண்ணெயில் வழுக்கியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தப் பெண் முன்னால் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் பிள்ளையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு வலது கையை என்னிடம் நீட்டினாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. "பிடிச்சுக்கோங்கோ" என்றாள். நான் என் முழுப் பலத்தோடு அவள் கையைப் பிடித்தேன். அவள் இரண்டாவது தடவையும், "கையைப் பிடிச்சுக்கோங்கோ ஆண்ட்டி" என்றாள். நான் ஏற்கெனவே பிடித்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதாக மத்தியானம் மெசேஜ் அனுப்பினாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். மாட்டுங்காவில் அடுத்த மாதப் பிரசவத்துக்கு ஒப்புக்கொண்டிருந்த இரண்டு வீட்டுக்கும் போன் பண்ணி, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இரண்டு வீட்டிலும் ஏன் என்று கேட்டார்கள். கையில் பலமில்லை என்று சொன்னேன்.

மறுநாள் சென்டருக்குப் போனேன். அது என் தேதி இல்லை. பெஞ்சில் எல்லாம் பத்தாம் தேதி முகங்கள், ஒருவரையும் தெரியாது. மேஜைப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பதினைந்து நாள் கழித்துத்தானே வரச் சொன்னேன் என்றாள்.

"முந்தாநாள் எழுதினதை எல்லாம் அடிச்சிடு. முதல்லேருந்து கேளு" என்றேன்.

அவள் புதுத்தாள் எடுத்தாள். முயற்சி பண்ணாமல் எடை குறைந்ததா? ஆமாம், சாப்பாடு இறங்கவில்லை, ஈஸ்டருக்குப் பிறகு நான் உபவாசமே இல்லை. எத்தனை நாள் முடியாமல் இருந்தது? வாய் பழக்கத்தில் ஸ்தோத்திரம் என்று தொடங்கிவிட்டது. நிறுத்திக்கொண்டு, ஏழு நாளும் என்றேன். என்ன வேலை செய்கிறீர்கள்?

"பிறந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற வேலை."

அவள் பேனா நின்றுவிட்டது. "இப்பவுமா?"

"நேத்தோட நிறுத்தியாச்சு."

நடக்கச் சொன்னாள், நடந்தேன். சேலையைக் குறை சொல்லவில்லை. பிறகு அந்த இரும்புச் சாமானை என் கையில் வைத்தாள். வைத்தவள் உடனே கையை எடுக்காமல், அடியில் தன் உள்ளங்கையைத் தாங்கலாகக் கொடுத்திருந்தாள், எங்கே நான் கீழே போட்டுவிடுவேனோ என்று. முடிந்த மட்டும் அமுக்கினேன். முள் முந்தின தடவை நின்ற இடத்துக்குக்கூட வரவில்லை. ஐந்தில் நாலு என்று எழுதி, டாக்டர் அறையைக் கை காட்டினாள்.

மெஷின் கெட்டுப்போச்சு என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை.